கார்பெட்டை எடுத்த மாசி மாதம்

நாங்கள் குடியிருக்கும் வீடு, வீடாகக் கட்டப்பட்டதல்ல. தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, முதல் மாடி. எங்களுக்கு முன்னால் அங்கே ஒரு டிராவல் ஏஜென்சி நடந்துகொண்டிருந்தது. அவர்கள் காலி செய்துவிட்டுப் போனதும், தடுப்புப் பலகைகளை எடுத்துவிட்டு, ஒரு மூலையில் சமையல் மேடை கட்டி, நாங்கள் குடிவந்தோம். தரையை மட்டும் தொடவில்லை. சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்த நீல நிற ஆபீஸ் கார்பெட். மேஜைக் கால்கள் அழுத்திய குழிகளும், நாற்காலிச் சக்கரங்கள் ஓடித் தேய்ந்த வட்டங்களும் அதில் அப்படியே இருந்தன.

“அடுத்த வருஷம் எடுத்துடலாம்,” என்றேன் மனைவியிடம்.

அப்போது மகள் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகிப் புனேவுக்கும் போய்விட்டாள். கார்பெட் இருந்த இடத்திலேயே இருந்தது.

எனக்குத் தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை. பட்டுப்புடவைத் தளத்தில் சூப்பர்வைசர். காலையில் பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு கடை அடைக்கும்வரை நிற்பதுதான் வேலை. வீட்டுக்கு வந்தால் கணுக்காலுக்குக் கீழே எனக்கு உணர்ச்சியே இருக்காது. தரை நீலமா, பச்சையா என்று பார்க்கிற நிலையில் நான் இருந்ததில்லை. பார்த்தது அவள்தான். தினமும் காலையில் முட்டி போட்டு உட்கார்ந்து, விளக்குமாற்றை ஒட்ட வெட்டி வைத்துக்கொண்டு, கார்பெட்டைச் சுரண்டிச் சுரண்டிப் பெருக்குவாள். பிறகு தையல் மிஷினில் உட்காருவாள். கடையில் புடவை வாங்குகிறவர்களுக்கு ஃபால்ஸ் அடித்துத் தருகிற வேலையை நான்தான் அவளுக்குப் பிடித்துக் கொடுத்திருந்தேன். நூல் பிசிறும் குண்டூசியும் கார்பெட்டுக்குள் விழும். விழுந்தால் தேடி எடுக்க முடியாது. என்றைக்காவது யார் காலிலாவது ஏறும்.

அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. முதலில் மழைக்காலத்தில் மட்டும் இருந்தது. பிறகு பனிக்கும் வந்தது. அதற்கப்புறம் காலம் நேரம் எதுவும் பார்க்கவில்லை. போன ஆடி மாதத்தில் மயிலாப்பூரில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் இவள் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே, “வீட்ல கார்பெட் இருக்கா?” என்று கேட்டார்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான்தான் “இருக்கு” என்றேன்.

“முதல்ல அதை எடுங்க. மாத்திரையெல்லாம் அப்புறம்.”

வெளியே வந்ததும், “ஆடித் தள்ளுபடி முடியட்டும், லீவு போட்டுடறேன்” என்றேன். அவள் தலையாட்டினாள். ஆடி முடிந்தது, தீபாவளி வந்தது. தீபாவளிக்கு லீவு கேட்டால் வேலையையே விட்டுவிடச் சொல்வார்கள். கார்த்திகையில் அடித்த மழையில் பால்கனித் தண்ணீர் உள்ளே வந்து பாதி கார்பெட் ஊறிவிட்டது. ஒரு வாரம் ஃபேன் போட்டுக் காயவைத்தோம். மேலே காய்ந்தது, அடியில் காயவில்லை. ஈரச் சாக்கு நாற்றம். படுத்தால் இழுக்கிறது என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அப்புறம் தை முகூர்த்தங்கள். நான் லீவு எடுத்தது மாசியில். டாக்டர் சொல்லி ஏழு மாதம் கழித்து. இதை இப்போது எழுதும்போதுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அவள் அப்போதே எண்ணியிருப்பாள்.

டைல்ஸ் போடத்தான் ஆள் கூப்பிட்டேன். பட்டினப்பாக்கம் குப்பத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். வந்தவர் சுவரோரம் கார்பெட்டை ஒரு முழம் கிழித்து, அடியில் தெரிந்த கான்கிரீட்டை உளி முனையால் தட்டிப் பார்த்தார்.

“தரை ஷோக்கா கீது சார். இதுமேல இன்னாத்துக்கு டைல்ஸு?”

“வேற என்ன பண்றது?”

“டைல்ஸ் ஒட்னா ஒன்ற இஞ்ச் ஏறிடும். கதவு அத்தினியும் அறுக்கணும், பால்கனி கிரில்லு அறுக்கணும். இத்தயே தேச்சி, கலர் குட்த்து, பாலிஷ் ஏத்திர்லாம். அடையார்ல காபிக்கடைங்களுக்கு எல்லாம் நான்தான் போட்டுக்கீறேன்.”

“வெறும் சிமெண்டுத் தரையா?” என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

“சிமெண்டுதான்மா. ஆனா ஆசிட் கலரு. சிமெண்டுக்குள்ளாற எறங்கி அதுவே கலராப் பூடும். பெயின்ட் மாதிரி உரியாது. தூசி தங்கறதுக்கு ஒரு சந்து இருக்காது.”

தூசி தங்காது என்ற சொல்லில் விஷயம் முடிந்துவிட்டது. இருந்தாலும் மறுநாள் அவர் சொன்ன காபிக்கடைக்கு நான் மட்டும் போய்வந்தேன். ஒரு காபி சொல்லிவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழுப்பு நிறம், ஆங்காங்கே தேயிலைச் சாயம் சிந்தியதுபோல் திட்டுத்திட்டாக. காபி கொண்டுவந்த பெண், “ஏதாவது விழுந்துருச்சா சார்?” என்று குனிந்து தேட ஆரம்பித்தாள். இல்லை என்று சொல்லிவிட்டு, சூட்டோடு குடித்துவிட்டு வந்தேன்.

வேலை நடக்கும்போது அவள் வீட்டில் இருக்க முடியாது. தூசி ஒரு பக்கம், ஆசிட் நெடி ஒரு பக்கம். அடையாறில் அவளுடைய அக்கா தனியாக இருக்கிறார், கணவர் இறந்து சில வருஷங்களாகிறது. பத்து நாள் அங்கே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். ஆட்டோவில் ஏறும்போது அவள் கையில் ஒரு சின்னப் பைதான் இருந்தது. தையல் மிஷினுக்கு ஒரு பழைய புடவையைப் போர்த்திவிட்டு வந்திருந்தாள்.

மறுநாள் தரை போடுகிறவரும் அவர் மச்சானும் வந்தார்கள். கார்பெட்டைக் கிழித்துச் சுருட்டச் சுருட்ட, அதன் அடிப்பக்க ரப்பர் மாவாக உதிர்ந்தது. நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சுருள்களைக் கீழே இறக்கினேன். ஒவ்வொரு சுருளும் ஒரு ஆள் கனம். துருப்பிடித்த குண்டூசிகள், மகளின் ஒற்றைக் கொலுசுத் திருகாணி, பழைய விமான டிக்கெட்டின் கிழிசல், எலிப்புழுக்கை. நாலாவது தடவை படியிறங்கும்போது எனக்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமல் வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மேலே வந்ததும் அவர் செம்பில் தண்ணீர் கொடுத்தார்.

“எத்தினி வர்சம் சார் இதுல இருந்தீங்கோ?”

“பத்தொன்பது.”

அவர் தரையைப் பார்த்தார். “அம்மா பாவம் சார்,” என்றார். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த சுருளை எடுத்தேன்.

மூன்று நாள் பசையைச் சுரண்டுவதிலேயே போனது. கறுப்புப் பசை, தார் மாதிரி. பிறகு மிஷின் வைத்துத் தேய்த்தார்கள். தண்ணீர் ஊற்றித் தேய்த்ததில் சாம்பல் சேறு சமையலறை வரை ஓடியது. கட்டிலும் பீரோவும் அடுப்பும் நானும் ஒரே மூலையில் ஒடுங்கிக் கிடந்தோம். ஹாலில் இருந்த பழைய தடுப்புகளின் ஆணி ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்தார். அடைத்த இடமும் பழைய இடமும் ஒரே மாதிரிக் கலர் பிடிக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்து, தெளிப்பானால் கலரை அடித்தபோது தரை நுரைத்துப் பொங்கியது. நான் பால்கனியில் நின்றுகொண்டேன். இரண்டு தெரு தள்ளி, மேம்பாலத்துக்காக அண்ணா சாலையைத் தோண்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து அந்தத் தூசியும் வந்துகொண்டிருந்தது.

தினமும் சாயங்காலம் கோட்டூர்புரம் வழியாகப் போகும் பஸ்ஸில் அடையாறு போவேன். அக்கா வீடு மூன்றாவது மாடி, வாசலைத் திறந்தால் கடல் காற்று. முதல் இரண்டு நாள் அவள் வேலையைப் பற்றிக் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. பால்கனியில் பிரம்பு நாற்காலியில் அக்காவும் அவளும் உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டு, எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் வந்ததும் சிரிப்பு நிற்கும். காபி வரும். ஒருநாள் அவள் மாடிப்படி ஏறி வருவதை மேலேயிருந்து பார்த்தேன். காய்கறிப் பையோடு மூன்று மாடியும் நிற்காமல் ஏறி வந்தாள்.

பதினோராம் நாள் போய், “தரை முடிஞ்சிடுச்சு. பாலிஷும் காஞ்சிடுச்சு. நாளைக்குக் கிளம்பலாமா?” என்றேன்.

“இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேங்க.”

“அதான் கார்பெட் எடுத்தாச்சே. இனிமே அங்கயும் ஒண்ணும் இருக்காது.”

அக்கா எழுந்து உள்ளே போனார்.

“இங்க வந்து நான் தைக்கலை,” என்றாள். “முட்டி போட்டு எதையும் சுரண்டலை. யார் எப்ப வருவாங்கன்னு சாப்பாட்டை மூடி வெச்சுட்டுக் காத்திருக்கலை. எனக்கு மூச்சு வருது. கார்பெட் மட்டும்தான் காரணமான்னு எனக்குத் தெரியலை.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் களைப்பாகச் சொன்னாள். கடையில் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டு நான் எப்படிப் பேசுவேனோ அப்படி. “சரி, இரு,” என்றேன். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் கோட்டூர்புரம் பாலம் வரை நடந்தே வந்தேன். டாக்டர் சொன்ன அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். பத்து நாள் சம்பளம் போயிருக்கும், மேனேஜர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். அவ்வளவுதான். அதற்குத்தான் ஏழு மாதம்.

லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். வீட்டில் தனியாகச் சமைத்தேன். சமைத்தேன் என்பது பெரிய வார்த்தை, தயிரும் ஊறுகாயும். புதுத் தரையில் எதை இழுத்தாலும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து, “முன்னெல்லாம் நீங்க இருக்கறதே தெரியாது சார்,” என்றார். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் வாங்கி மாட்டினேன்.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் வந்தாள். கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றாள். வெறுங்காலைத் தரையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். வீடு முழுக்க ஒரு சுற்று நடந்தாள். ஹாலின் நடுவில், அடைத்த ஓட்டைகளெல்லாம் வெளிறிய புள்ளிகளாக ஒரே வரிசையில் போன இடத்தில் நின்றாள்.

“இங்க ஒரு தடுப்பு இருந்துச்சு இல்ல?”

“ஆமா. கலர் சரியாப் பிடிக்கலை. வேணும்னா மறுபடி ஒரு கோட் குடுக்கச் சொல்லலாம்.”

“வேண்டாம், இருக்கட்டும்.” பிறகு, “நாம வந்தப்பவே ஒரு மூலையைக் கிழிச்சுப் பார்த்திருக்கலாம்,” என்றாள்.

“பார்த்திருக்கலாம்,” என்றேன்.

சாப்பிடும்போது அவள் இரண்டு விஷயம் சொன்னாள். ஃபால்ஸ் தைக்கிற வேலை இனிமேல் வேண்டாம், கடையில் சொல்லிவிடுங்கள். மாதத்தில் ஒரு வாரம் அக்கா வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வருவேன், எப்போது வருவாய் என்று போன் பண்ணிக் கேட்காதீர்கள். இரண்டுக்கும் சரி என்றேன். கடையில் சொன்னபோது மேனேஜர், அவ்வளவு வேகமாகத் தைக்கிற ஆள் கிடைக்காதே என்று வருத்தப்பட்டார். எத்தனை வேகம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவளுக்கு மூச்சிரைப்பு முழுதாகப் போய்விடவில்லை. மூச்சுக்கு வாயில் அடிக்கிற பம்ப் இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது; ஆனால் முன்புபோல் நாற்காலியில் உட்கார்ந்து தூங்குவதில்லை. பாலிஷை வருஷத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும் என்று அந்த ஆள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நேற்று காலை அவள் அடையாறு கிளம்பிப் போனாள். நான் வேலைக்குப் போகுமுன் ஒரு வாளித் தண்ணீரில் துணியை நனைத்து, ஹாலை ஒருமுறை துடைத்தேன். பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றுவிட்டு, மீதியையும் துடைத்துவிட்டுக் கிளம்பினேன். கடைக்குப் பத்து நிமிஷம் தாமதம். கேட்டதற்கு, வீட்டில் வேலை இருந்தது என்று சொன்னேன்.