எறும்பு வராத கோலம்

தகரத்தில் மாவு அடிப்பிடிக்கிற வாசனை. நேற்று தெப்பக்குளத்துப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது வந்தது. தேர்தல் நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் மூன்று கல்லைக் கூட்டி, எண்ணெய் டின்னில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பஸ் வந்தது, போனது. ஏறவில்லை.

அந்த வாசனைக்குள் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை இருக்கிறது. அதில் ஒரு வெந்நீர் அடுப்பு. அடுப்பின் முன்னால் குந்தியிருக்கும் ஒரு முதுகு.

ரங்கூனில் குண்டு விழுந்த சமயம். காடும் மலையுமாக நடந்து வந்தவர்கள் ஒவ்வொரு ரயிலிலும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசலுக்கு வந்தவள் என் கணவரின் சித்தப்பா பெண். இடுப்பில் கைக்குழந்தை, தோளில் துணி மூட்டை, மூட்டையில் நசுங்கிய ஒரு தகரக் குவளை. அவள் கணவர் கம்பெனிக் கிடங்கைவிட்டு வர முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். அக்கம்பக்கத்தாரோடு இவளை அனுப்பியிருந்தார். கல்யாணத்தில் நான் பார்த்த முகத்தை யாரோ உள்ளேயிருந்து இழுத்து முடிச்சுப் போட்டதுபோல இருந்தது. அவளே சொன்னாள்: "மன்னி, நான்தான்."

ஒருவரை வீட்டில் வைத்துக்கொள்வது மனசின் காரியம் என்று நினைத்திருந்தேன். இல்லை. அது விறகின் காரியம். குழந்தைக்கு வெந்நீர் என்றால் விறகு. தூளி என்றால் பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல வேஷ்டி. கிணற்றுக் கயிறுகூடச் சீக்கிரம் தேய்ந்தது. அரிசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவள் நடந்து வந்த தேசத்து அரிசி அவளோடு வரவில்லை. கப்பல் நின்றுபோய், கடைக்காரர் படியை விரலால் வழித்து வழித்து அளந்தார். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். சாயங்காலத்தில் டியூஷன் பிடித்தார். நான் காப்பியை விட்டேன். விட்டேன் என்றால், அவர் குடித்த பிறகு அதே பொடியில் இரண்டாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

இதையெல்லாம் அவள் காதுபடப் பேசக்கூடாது என்று நாங்கள் இருவரும் வைத்துக்கொண்டோம். எங்கள் மகாநாடு கிணற்றடியில் நடக்கும்.

"ஏன்னா, இந்த அரிசி எத்தனை நாள் தாங்கும்?"

"தாங்கற வரைக்கும் தாங்கும்."

"இது ஒரு பதிலா?"

"நீ கணக்கு வாத்தியாரைக் கல்யாணம் பண்ணிண்டிருக்கணும். நான் தமிழ் வாத்தியார்."

சிரிப்போம். சிரிப்பு கிணற்றுக்குள் போய் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

எங்கள் மனிதர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளியை ஒரு தடவை கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைக்கமாட்டோம். "இன்னும் கொஞ்சம் சாதம்?" "போதும்." "போதுமாவது! ஒரு பிடி." "ஐயோ, வேண்டாம்." "என்ன, என் கையால வேண்டாமா?" அப்போதுதான் இலைக்குக் குறுக்கே வைத்த கை விலகும். முதல் போதுமும் அடுத்த வேண்டாமும் மரியாதை. மூன்றாவதில்தான் வயிறு வாயைத் திறக்கும். வீட்டு மனிதர்களிடம் இந்த நாடகம் கிடையாது. வீட்டில் பிறந்தவள் போதும் என்றால் போதும்.

வந்த புதிதில் அவளையும் அப்படித்தான் வற்புறுத்திப் போட்டேன். ஒவ்வொரு கரண்டிக்கும் அவள் கூனிக் குறுகினாள். எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னேன்: "இதோ பாரு. இனிமே நீ விருந்தாளி இல்லே. இந்தாத்துப் பொண்ணு. உன்னை உபசாரம் பண்ணிண்டு நிக்க மாட்டேன், ஆமாம்."

அவள் சிரித்தாள். கண்ணில் நீர் கட்டிற்று. எனக்கும் கட்டிற்று. இரண்டும் ஒரே நீர் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக நல்ல வார்த்தை அதுதான் என்றுகூட அன்று சாயங்காலம் தோன்றியது.

மறுநாளிலிருந்து ஒரே கேள்வி. "சாதம்?" "போதும் மன்னி." சற்று உட்கார்ந்திருந்துவிட்டு இலையை மடித்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

தானாக எடுத்துப் போட்டுக்கொள்ள அவளுக்கு வழியில்லை. எங்கள் வீடுகளில் குளித்து மடியுடுத்தியவள்தான் சமையலறைக்குள் போகலாம். கைக்குழந்தைக்காரிக்கு மடி நிற்காது; குழந்தை நனைத்துக்கொண்டே இருக்கும். அதனால் அவள் வாசலை எடுத்துக்கொண்டாள். "கோலம் நான் போடறேனே மன்னி. சும்மா உக்காந்து சாப்பிடக் கூச்சமா இருக்கு." தினமும் ஒரு கிண்ணம் அரிசி மாவு எடுத்து வைப்பேன். அந்தப் பஞ்சத்திலும் கோலத்துக்கு அரிசி மாவுதான். காப்பியை நிறுத்தினேன், எண்ணெயை நிறுத்தினேன், எறும்புக்கும் அணிலுக்கும் இடுவதை நிறுத்த வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவள் போட்ட கோலமோ, வீதியே நின்று பார்க்கும். கம்பி இழுத்ததுபோல ஓடும்.

குழந்தை அழுதது. பகலெல்லாம் அழுதது. ஓமத் தண்ணீர் கொடுத்தேன். வசம்பு உரைத்துத் தடவினேன். பல் முளைக்கிறது என்றார்கள் அடுத்த வீட்டில். பிறகு அழுகை குறைந்தது. வீட்டில் அமைதி வந்தது. "பாத்தியா, மண்ணு ஒத்துண்டுடுத்து" என்றேன் அவளிடம். அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் காலை. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய என் கணவர் வாசலில் நின்று கோலத்தையே பார்த்தார்.

"ஏண்டி, நம்மாத்து எறும்பெல்லாம் எங்கே போச்சு? அதுவும் அகதியாக் கிளம்பிடுத்தா?"

தன் வேடிக்கைக்குத் தானே சிரித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். விளக்குமாற்றோடு கதவோரம் நின்றவள் சிரிக்கவில்லை. சட்டென்று உள்ளே போனாள்.

குனிந்து பார்த்தேன். உண்மைதான். ஓர் எறும்பு இல்லை. கோலத்தின் ஓரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தேன். பல்லில் நறநறவென்றது. கல்.

என்ன செய்கிறாள் மாவை? விற்கிறாளா? யாரிடம்? அந்த எண்ணம் என் மண்டையில் முழுசாக உருவாவதற்குள் கொல்லையிலிருந்து அந்த வாசனை வந்தது. தகரத்தில் மாவு அடிப்பிடிக்கிற வாசனை.

ஓடினேன். வெந்நீர் அடுப்பின் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். கதவோரம் நின்ற நேரத்தில் கஞ்சி தீய்ந்துவிட்டிருந்தது. தகரக் குவளையைப் புடவைத் தலைப்பால் பிடித்து, கொதிக்கக் கொதிக்கக் குடித்துக்கொண்டிருந்தாள். உப்புக்கூட இல்லை. என்னைக் கண்டதும் குவளையைத் தலைப்புக்குள் மறைத்தாள். சுட்டிருக்கும். மறைத்தாள்.

"என்னடி இது?"

"வாசலை வெறிச்சுனு விடலை மன்னி. கொள்ளிடத்து மணல்ல வெள்ளைக்கல் பொறுக்கிண்டு வந்து இடிச்சேன்."

"பசிச்சாக் கேக்கப்படாதா? நான் தினம் கேக்கறேனே!"

"கேட்டேள். நான் போதும்னேன்."

"அப்புறம்?"

"இன்னொரு தரம் கேப்பேளோன்னு கொஞ்சம் உக்காந்திருப்பேன்." தலையைக் குனிந்துகொண்டாள். "இனிமே உபசாரம் இல்லேன்னேளே. அரிசி இல்லேங்கறதைப் பதவிசாச் சொல்றேள்னு நெனச்சேன். கிணத்தடில பேசிண்டதும் காதுல விழுந்துது."

அவளே மேலே பேசினாள், வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல, குற்றம் துளியும் இல்லாத குரலில்:

"பால் இல்லே மன்னி. கஞ்சி குடிச்சா ஊறுமான்னு பாத்தேன். காட்டுல இருந்துது. கண்டவா கிட்ட கையேந்திக் குடிச்சேன், அப்பல்லாம் இருந்துது. இங்கே வந்துதான் வத்திடுத்து."

காட்டில் இருந்தது. என் வீட்டில் வற்றிவிட்டது. நான் அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு சுவரோடு நின்றேன். வெந்நீர்ப் பானை தளதளவென்று கொதித்தது. அது பாட்டுக்குக் கொதிக்கலாமா என்று கோபம் வந்தது.

"அங்கே ஏந்தின கையை இங்கே ஏந்தினா என்ன?"

"அங்கே என்னை யாருக்கும் தெரியாது மன்னி. இது அண்ணாவோட அகம்."

கூடத்துக்கு ஓடித் தூளியை விலக்கினேன். குழந்தை விழித்துத்தான் இருந்தது. உதடு அழுவதுபோலக் கோணியது. சத்தம் வரவில்லை. மண் ஒத்துக்கொண்டுவிட்டது என்று நான் மகிழ்ந்த அமைதி இதுதான். அழத் தெம்பில்லாத குழந்தையின் அமைதி. அதன் விரலைத் தொட்டேன். கோலப்பொடிபோலக் காய்ந்திருந்தது.

அன்று மடியும் இல்லை, முறையும் இல்லை. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ண வைத்திருந்த பாலை எடுத்துச் சங்கில் புகட்டினேன். வைத்தியரை அழைத்துவர ஆளனுப்பினேன். என் கை வளையல் சேட்டுக் கடைக்குப் போயிற்று. ஆட்டுப்பாலும் நெய்யும் பத்தியமும் அதிலிருந்து வந்தன. என் கணவர் விஷயம் தெரிந்த நிமிஷத்திலிருந்து சாப்பாட்டுக்கு உட்காரும்போது பேசுவதை நிறுத்திவிட்டார். வேடிக்கையும் போயிற்று. ஒவ்வொரு வேளையும் நான் அவள் இலைமுன் மண்டியிட்டு மூன்று தடவை, நான்கு தடவை கேட்டேன். அவள் மறுத்தாள், கேட்டேன், மறுத்தாள், போட்டேன்.

ஒரு நாள் நடுப்பகலில் குழந்தை வீறிட்டது. வீதி முழுக்கக் கேட்கும் வீறல். அடுப்பங்கரையில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எந்தக் கச்சேரியும் எனக்கு அப்படிக் கேட்டதில்லை.

கொஞ்ச காலத்தில் அவள் கணவர் எப்படியோ தப்பி வந்துசேர்ந்தார். நாகபுரியில் வேலை கிடைத்தது. அவளைக் கூட்டிப்போக வந்தார். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நானும் ரயிலோடு ஒட்டி நின்றேன். ஜன்னல் வழியாக ஒரு பையை நீட்டினேன். சலித்த அரிசி மாவு.

"வச்சுக்கோ."

"வேண்டாம் மன்னி."

"வழிக்கு ஆகும்டி, வச்சுக்கோ."

"ஐயோ, வேண்டாம்."

அவள் முகத்தையே பார்த்தேன். சதை பிடித்திருந்தது. மடியில் குழந்தை அவள் தாலிச் சரடைக் கடித்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தில் எது மரியாதை, எது வயிறு என்று படிக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. வண்டி அசைந்தது. கூடவே நடந்தபடி பையை அவள் மடியில் திணித்தேன். அவள் அதை என் கையிலேயே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடி, அழுத்திப் பிடித்தாள்.

"மன்னி, இது நிஜமான வேண்டாம்."