எனக்கு முன்னால் உள்ளே போன கதை

இதை எழுத உட்கார்ந்து, மனசு வராமல் எழுந்துபோனது எத்தனையோ தடவை. விரலை இழந்த நண்பர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். படித்தால் வருத்தப்படுவாரே என்ற தயக்கம். பெருமாள் மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

2004, 2005 வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதுப்புது கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. நானும் அந்த நண்பரும் வேலை பார்த்த, இரும்புத் தகடு வெட்டும் மண்ணூர் பிரஸ் ஷாப்பை அதற்குள் மூடிவிட்டார்கள். வீட்டில் சின்னச் சின்னக் குழந்தைகள். ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. என் வயசுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

முந்தின நாள் நண்பர் சிரித்துக்கொண்டே, "இன்னா கேட்டாலும் என் வெரலு கதைய எடுத்து வுடு. அது போனதுக்கு உன் வூட்லயாவது ஒலை கொதிக்கட்டும்" என்றார்.

மண்ணூரில் பிரஸ் மிஷினில் அவர் கை மாட்டியபோது ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தது நான். கை தப்பியது. இரண்டு விரல் போய்விட்டது.

இன்டர்வியூவுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர். வேலையில் ஆபத்து வந்தபோது என்ன செய்தாய், நடந்ததைச் சொல் என்று உள்ளே கேட்கிறார்களாம். என்ன சொல்வது என்று என்னிடமே கேட்டார். பாவமாக இருந்தது. இந்த மாதிரி உனக்கு நடந்தது எதையாவது சொல்லப்பா என்று என் கதையைச் சொன்னேன். அவரை முதலில் கூப்பிட்டார்கள்.

அடுத்து நான். சொல்லி முடித்ததும் அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதே கதையை இப்பதான் ஒருத்தர் சொல்லிட்டுப் போறார். அதுல விரல் தப்பிச்சுது. கேட்ட கதையைக்கூட ஒழுங்கா சொல்ல வரலையே உங்களுக்கு" என்றார் ஒருவர்.

சாமி சத்தியமாக எனக்கு நடந்தது சார் என்றேன். அதற்குள் அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் அந்த இளைஞர் தலைகுனிந்து நின்றார். "அண்ணாச்சி, எனக்குன்னு சொல்ல ஒண்ணுமே நடக்கலையே. விரல் போச்சுன்னா வேலை தர மாட்டாவன்னு நெனச்சு அத மட்டும் மாத்திட்டேன்."

பிறகு அவர் அந்தக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு நிரந்தர வேலை என்று ஒன்று அமையவே இல்லை.

அன்று சாயங்காலம் நண்பர், "சொன்னியா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். "நம்புனாங்களா?" என்றார். விளக்கேற்ற நேரமாகிவிட்டது என்று உள்ளே வந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிட்டுப் பொய்யனாகத் திரும்பியது இன்னும் நெஞ்சை அறுக்கிறது. நீங்கள் யாரிடமாவது இதைச் சொன்னால், நல்லபடியாக முடியட்டும் என்று எதையும் மாற்றிவிடாதீர்கள். அந்த இரண்டு விரலும் போனதாகவே சொல்லுங்கள்.