அக்காவுக்குப் பூசிய பவுடர்

அந்தப் பவுடர் டப்பாவை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. இருக்கட்டும். என்னைத் திட்ட வீட்டில் அதுவாவது வேண்டும்.

அக்கா சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். மூட்டு வலிக்கிறது என்பாள், முடி கொட்டுகிறது என்பாள். வெயிலில் போய் வந்தால் மூக்கின் இரு பக்கமும் கன்னம் சிவந்துவிடும். பிறகு ஒருநாள், சுவருக்குள்ளிருந்து யாரோ தன்னை ஏசுவதாகச் சொல்லி வேலைக்குப் போக மறுத்தாள். காதல் விவகாரம் என்றார்கள் உறவுக்காரர்கள். ஜெபக் கூட்டத்துக்கு இழுத்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் தனியார் மனநல டாக்டர். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அம்மா டப்பாவை என்னிடம் நீட்டுவார். "நல்லா பூசி உடுடி. நாலு பேரு பாக்குற எடம்." அக்கா கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் காட்டுவாள். துளிச் சிவப்பும் தெரியாமல் பூசுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு. அந்த டாக்டர் ஒரு வருடம் தூக்க மாத்திரை எழுதினார். வலிக்கிறது என்ற கையை ஒருநாளும் தொட்டுப் பார்க்கவில்லை, ஒரு ரத்தப் பரிசோதனை கேட்கவில்லை.

ஒருநாள் அக்காவுக்கு வலிப்பு வந்து கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு பெண் டாக்டர் ஈரப் பஞ்சால் அக்காவின் முகத்தைத் துடைத்தார். பவுடர் போய்ச் சிவப்பு வெளியே வந்தது.

"இது எத்தன நாளா இருக்கு?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். லூபஸ் என்றார்; கன்னத்துச் சிவப்பு அதன் அடையாளமாம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கி, மூளை வரை போயிருந்தது. ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அக்கா பிழைத்தாள். ஞாபகம் பாதிக்கு மேல் திரும்பவில்லை.

இப்போது அதே டாக்டர் புதிய மருந்துகளைப் பற்றிச் சொல்கிறார். எதிர்ப்புச் சக்தி மொத்தத்தையும் அடித்துப் போடாமல், உடம்பையே தாக்கும் தவறான எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி செல்கள் என்ற ரத்த அணுக்களையோ, வீக்கத்தைத் தூண்டும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தையோ மட்டும் குறிவைப்பவையாம். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களைப் பல மருந்துச் சோதனைகளில் சேர்ப்பதில்லையாம்.

"அவங்களுக்குத்தான மேடம் அவசரம்?" என்றேன்.

"ஆமாம்மா" என்றார். எதைக் குறிவைத்து என்ன, முகத்தைப் பார்க்காத டாக்டரும் அதை மூடிக் கூட்டிப்போகும் என்னைப் போன்றவர்களும் இருக்கும்வரை?

போன வாரம் பரிசோதனைக்குக் கிளம்பினோம். என் பெயர் அன்று அக்காவுக்கு வரவில்லை. ஆனால் செருப்பை மாட்டியதும் என் முன்னால் வந்து நின்றாள். கண்ணை மூடி, முகத்தைத் தூக்கிக் காட்டினாள். நான் துண்டை நனைத்துத் துடைத்துவிட்டேன். அப்போதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"பூசி உடலியா?" என்றாள்.