பென்சில் கோடு

உங்கள் வீட்டு மேசை ஏன் வழவழப்பாக இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்? பாலிஷ் போட்டதால் என்றால் தோற்றீர்கள். பாலிஷ் பளபளப்பைத்தான் தரும். வழவழப்பு, அதற்கு முன்னால் யாரோ ஒருவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு தேய்த்ததில் வந்தது.

அந்த ஒருவர் இப்போது ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருக்கிறார். தேய்க்கத் தேய்க்கக் கோடு மிஞ்சுகிற இடம் பள்ளம். கடைசிக் கோடும் மறைந்தால்தான் மரம் சமம். உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிக்கொண்டு, நார் ஓடும் போக்கிலேயே இழுப்பார். குறுக்கே இழுத்த கீறல் அப்போது தெரியாது. பாலிஷ் ஏறிய பிறகு பல்லை இளிக்கும். தேய்த்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. படுத்திருந்த நாரெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். "தூங்குற மாதிரி நடிக்குதுங்க. எழுப்பிவிட்டு மறுபடி ஒரு இழுப்பு இழுக்கணும்."

பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கும் குடும்பப் பட்டறை. கணவர் தச்சர். அவருடைய தம்பி பாலிஷ்காரர். தேய்க்கிற இவருக்குத் தொழிலின் பெயர் எதுவும் கிடையாது. "அண்ணி கூடமாட ஒத்தாசை பண்றாங்க" என்று வருகிறவர்களிடம் சொல்கிறார்கள். மணமாகி வந்ததிலிருந்து அங்கே நுழைந்த ஒவ்வொரு கட்டிலையும் தேய்த்தவர் செய்வது ஒத்தாசையாம்.

யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருமுன் நாற்காலியின் அடியில் விரலை ஓட்டுவார். "மேல எல்லாரும் யோக்கியந்தான். அடியில தடவினாத்தான் தெரியும்." அந்த விரல் நுனிகளில் ரேகையே மிச்சமில்லை, மரத்தோடு சேர்ந்து தேய்ந்துவிட்டது. கைப்பேசி அவர் விரலை ஏற்காது. மகள் வந்து திறந்து கொடுக்க வேண்டும்.

ஒருமுறையாவது அரக்குப் பாலிஷைத் தன் கையால் போடவேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. கொழுந்தன் விடவில்லை. பெண் கை பட்டால் பாலிஷ் வெளுத்துவிடும் என்பது அவருடைய வேதவாக்கு. தொழில் சொல்லிக்கொடுத்தவர் சொன்னாராம். சொல்லிக்கொடுத்தவருக்கு யார் சொன்னது என்று கேட்டேன், கொழுந்தன் கூரையைப் பார்த்தார். பொய்கள் எப்போதும் இப்படித்தான், செத்துப்போனவர்களின் சாட்சியைக் கூட்டிக்கொண்டு வருகின்றன.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் கொழுந்தன் ஒரு சாப்பாட்டு மேசைக்குப் பாலிஷ் போட்டார். காய்ந்ததும் நடுவில் புகை படிந்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. "அண்ணி தொட்டிருப்பாங்க" என்றார், அவர் பக்கம் திரும்பாமலே.

"என் விரலை என் போனே நம்ப மாட்டேங்குது. உங்க மேசை மட்டும் கண்டுபிடிச்சிடுச்சா, தம்பி?"

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். அண்ணி விடவில்லை. தேய்த்து வைத்திருந்த ஒரு அலமாரிக் கதவை எடுத்துவந்து, மழை பெய்யும்போதே அதன் மேல்பாதிக்குப் பாலிஷ் போடச் சொன்னார். கொழுந்தன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போட்டார். அண்ணி அதுவரை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கதவு வெளுத்தது. நல்ல வெயில் அடித்த அன்று கீழ்ப்பாதிக்கு அண்ணி தானே போட்டார். முதல் கை அல்லவா, கொஞ்சம் திட்டுத்திட்டாகத்தான் வந்தது. ஆனால் வெளுக்கவில்லை. அரக்கை வெளுக்க வைப்பது ஈரக்காற்று. அதற்கு ஆணென்றும் பெண்ணென்றும் தெரியாது.

கணவர் உளியை வைத்துவிட்டு வந்து இரண்டு பாதியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தம்பியிடம், "ஏன்டா, மழையும் பொம்பளைதானா?" என்று கேட்டார்.

தம்பி, பஞ்சு வைத்துக் கட்டிய தன் பாலிஷ் துணியை அண்ணி பக்கம் நகர்த்தினார்.

"அப்ப நான் என்ன பண்றதாம்?"

அண்ணி பென்சிலை எடுத்தார். அடுத்த நாற்காலியின் முதுகில் இண்டு இடுக்கு விடாமல் கோடு கிழித்து, அதை அவர் முன்னால் தள்ளினார்.

இன்றைக்குப் பாலிஷிலும் பாதி அண்ணி கை. ஆனாலும் வருகிறவர்கள் மேசையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கொழுந்தனைத்தான் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். நீங்களாவது குனியுங்கள். அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தேய்த்தது யார் என்று கேளுங்கள். "கூடமாட ஒத்தாசை" என்று பதில் வந்தால், மறுபடியும் கேளுங்கள்.