பவுடர் போட்ட மைன்ஸ்காரர்

இன்று தையல் கடைக்கு லீவு. டவுன்ஷிப்பில் புதிதாகத் திறந்திருக்கும் புகைப்படக் காட்சியகத்துக்குப் போனேன்.

அங்கே இருக்கும் அத்தனை படமும் ஒரே மனிதர் எடுத்தது. மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை முகம் கழுவ விடாமல், நிலக்கரித் தூசியோடு அப்படியே நிறுத்தி எடுப்பாராம். அந்தத் தூசிக்குள்ளிருந்து அவர்கள் சிரிப்பதுதான் எவ்வளவு அழகு! எனக்கு நகரவே மனம் வரவில்லை.

கடைசிப் படத்தின் முன்னால் இரண்டு கல்லூரி அக்காக்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் எல்லோரும் தூசியும் அழுக்குமாக நிற்க, நடுவில் ஒருவர் மட்டும் குளித்து, தலை சீவி, முகம் முழுக்கப் பவுடர்.

"யாருடி இது? பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி!"

"சினிமா சான்ஸ் கேட்டு வந்திருப்பாரு!"

அது என் அப்பா.

புது ஆட்களிடம் நான் வாய் திறக்க மாட்டேன். பேசாமல் வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவரை அங்கே தனியாக விட்டுவிட்டு வருவது போலிருந்தது.

"அது எங்க அப்பாங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. ஒரு அக்கா, "அய்யோ, சாரிம்மா. பக்கத்துல நில்லு, ஒரு போட்டோ எடுக்கறேன்" என்றார். நின்றேன்.

போட்டோக்காரர் நினைத்திருந்தால் அப்பாவை ஓரமாகத் தள்ளியிருக்கலாம். நடுவிலேயே விட்டிருக்கிறார். அதற்காகவே அவரை எனக்கு இன்னும் பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா, "மூஞ்சியக் கழுவிக்கினு வாங்கடான்னு அப்பவே சொன்னேன். ஒருத்தனாச்சும் கேட்டானா?" என்றார்.

உங்கள் வீட்டு ஆளும் அந்தப் படத்தில் இருக்கலாம். போய்த் தேடிப் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு ஆளைத் தேடவே வேண்டாம்.