சாமானியரின் கருத்து

இருபத்திரண்டு வருஷமாக ஆர்ட் கேலரியின் மூன்றாம் அறையில் காவல் நின்றதால், அவருக்கு 'மூணாம் ரூம் அண்ணன்' என்றே பட்டம் நிலைத்துவிட்டது. படத்தைத் தொடாதீங்க, ஃபிளாஷ் போடாதீங்க என்று சொல்வதுதான் வேலை. மற்ற காவலர்கள் ஓய்ந்த நேரத்தில் செல்போனைப் பார்ப்பார்கள். இவர் சுவரைப் பார்ப்பார். எந்தப் படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் அங்கே டிக்கெட் கொடுப்பவள். எந்தச் சுவரில் என்ன தொங்குகிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஃபிலிம் கிளப் கூடும். நடத்துகிறவர் ஓர் ஓவியர். வெயில் கொளுத்தினாலும் கழுத்தில் மஃப்ளர். படம் ஒன்றரை மணி நேரமென்றால் அதற்கு முன்னால் இவர் பேச்சு ஒரு மணி நேரம். உறுப்பினர்கள் நாற்பது பேர். பாதிப் பேர் பிஸ்கட்டுக்காக வருவார்கள். மீதிப் பேர் தாங்கள் வந்ததை ஃபோட்டோ எடுத்துப் போடுவதற்காக வருவார்கள்.

படம் முடிந்ததும் ஒரு கூத்து உண்டு. வாசலில் நிற்கும் அண்ணனை மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு சாமானியர் என்ன சொல்கிறார் என்று கேட்போம் என்பார் ஓவியர். கதாநாயகன் கதவைச் சாத்தாமல் போகிறான், அவனுக்குத் திரும்பி வரும் எண்ணம் இருக்கிறது என்று அண்ணன் ஒருமுறை சொன்னார். அடேயப்பா, என்ன கைதட்டல்! புதிதாகப் பேச ஆரம்பித்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அண்ணனுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். காலையில் ஆபரேட்டர் படத்தை ஓட்டிச் சரிபார்க்கும்போது ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று எல்லாப் படத்தையும் இரண்டு முறை பார்க்க ஆரம்பித்தார்.

ஒருநாள் உறுப்பினர் படிவத்தை நிரப்பி நீட்டினார். அவர்களோடு உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும், அவர்களில் ஒருவராகப் பேச வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஓவியர் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த மாதம் தானே எடுத்த சினிமாவைப் போடப்போவதாகச் சொல்லி, அன்றைக்கு மேடையிலேயே அறிவித்துவிடலாம் என்றார். அண்ணி அதற்காக யூனிஃபார்மை இரண்டு முறை இஸ்திரி போட்டார்களாம்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாயைப் பற்றிய படமாம், ஐம்பது நிமிஷம். நான் கவுண்டரில் உட்கார்ந்து தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். படம் முடிந்த கைதட்டல் கேட்டுத்தான் எட்டிப் பார்த்தேன். அண்ணன் மேடையில் நின்றிருந்தார்.

"அந்தம்மா அழறப்ப ஜன்னலைக் காட்டுறீங்க, செருப்பைக் காட்டுறீங்க, மழையைக் காட்டுறீங்க," என்றார் நிதானமாக. "அவங்க முகத்தைக் காட்டவே இல்ல சார். நீங்க அந்தம்மாவைப் பாக்கல. உங்க படம் அழகா இருக்கான்னுதான் பாத்துட்டு இருந்தீங்க."

ஒருவரும் கைதட்டவில்லை. ஓவியரின் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு சிரித்துக்கொண்டே, நம்மோடு சேர்ந்து அண்ணனும் கெட்டுப்போய்விட்டார், விமர்சகராகிவிட்டார் என்றார். கூட்டமும் சிரித்தது. படிவத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அப்போதுதான் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். "நீங்க வாங்கம்மா. மனசுல பட்டதை நீங்க சொல்லுங்க."

நான் அந்தப் படத்தை ஒரு நொடிகூடப் பார்த்திருக்கவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. "ரொம்ப நல்லா இருந்துச்சு சார். எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு." எழுந்து நின்று கைதட்டினார்கள். இத்தனை நாள் இவர்களைக் கரித்துக்கொட்டிய எனக்கு அது இனித்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எல்லாரும் பிஸ்கட் பக்கம் போனபின் அண்ணன் என் கவுண்டருக்கு வந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நிஜமாவே நல்லா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் என் லட்சணம் வெளியே வந்துவிடும். "ஆமாண்ணே," என்றேன்.

"ரெண்டு தடவை பாத்தேம்மா. அப்ப எனக்குத்தான் பாக்கத் தெரியல போல."

மூன்றாம் அறை வேண்டாம், வெளிவாசலில் டியூட்டி போடுங்கள் என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கப் பேனா கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.