காலிக் கடைக்கு ஒரு பலகை

மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையோரம் ஒரு பிராந்திக்கடை. உள்ளே ஒரு பாட்டில்கூடக் கிடையாது. ஆனாலும் தினமும் காலையில் ஷட்டர் ஏறும், தரை பெருக்கப்படும், வேம்பு கல்லாவில் வந்து உட்கார்ந்துவிடுவாள். இவளுக்கென்ன பைத்தியமா என்று தெருவே கேட்டது. கேட்கட்டும்.

அது அரசு நிறுவனத்தின் கடை. வேம்பு முதலில் அதே நிறுவனத்தின் காய்கறி அங்காடியில் இருந்தவள். அதை மூடியபோது இங்கே மாற்றினார்கள். "பொம்பள போயி பிராந்தி விப்பாளா?" என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "நான் கத்திரிக்கா வித்தப்ப மட்டும் வந்து வாங்குனீங்களா?" என்று அவர்கள் வாயை அடைத்தாள். போதையில் எவனாவது எகிறினால் பாட்டிலை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, "போயி சோறு தின்னுட்டு வா" என்பாள். முனகிக்கொண்டே போவான்.

பிறகு நிறுவனம் நொடித்தது. நொடித்ததா, நொடிக்க வைத்தார்களா என்று வேம்புவிடம் கேட்டால் சாயங்காலம் வரை பேசுவாள். சரக்கு நின்றது, சம்பளமும் நின்றது. கூட இருந்தவர்கள் வேறு பிழைப்பு தேடிப் போனார்கள். வேம்பு போகவில்லை. அவளுடைய அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மில்லை மூடியபோது, திறந்ததும் கூப்பிடுகிறோம் என்ற பேச்சை நம்பி வீட்டுக்கு வந்தவர். கடைசிவரை யாரும் கூப்பிடவில்லை. வேலைக்கு வரவில்லை என்று சொல்லி வேலையைப் பிடுங்க ஒரு சாக்கு கொடுக்கக் கூடாது என்பது மகளின் வைராக்கியம்.

எதிரே லூதோவிக்கின் தனியார் பிராந்திக்கடை. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பம், தாத்தா காலத்து லைசென்ஸ், கண்ணாடிக் கதவு, ஏசி. எல்லாம் இருந்தும் அவனுக்கு ஒரு வயிற்றெரிச்சல். மாநில எல்லை தாண்டி விழுப்புரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேம்புவின் முன்னால் போய் நிற்பார்கள். அவர்கள் ஊரில் பிராந்தியைச் சர்க்கார்தான் விற்கும். சர்க்கார் பலகை இல்லாத கடை என்றால் கலப்படம் என்று மனத்தில் ஊறிவிட்டது. காலி அலமாரியைக் கண்ணால் பார்த்த பிறகும், "உள்ள வச்சிருப்பீங்க, எடுத்துக் குடுங்கக்கா" என்று கெஞ்சுவார்கள்.

ஒருநாள் லூதோவிக் சாலையைக் கடந்து வந்தான். "வேம்பக்கா, உங்க கடைய ஏலத்துல எடுத்துட்டேன். திங்கக்கிழம ஆபீசர் வந்து சாவி வாங்கிடுவாரு. நீங்க எங்கயும் போவ வேணாம், எங்கிட்டயே இருங்க. பலகையும் அப்படியே இருக்கட்டும்."

"பலகை எதுக்கு தம்பி?"

"அது இருந்தாத்தானக்கா ஜனம் வரும்."

வேம்புவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடை போனால் அவளுடைய அரசு வேலையும் போனதுதான். கடையைச் சாகவிட்டுவிட்டு அதன் பெயரை மட்டும் வைத்துப் பிழைப்பார்களாம். "சரி, திங்கக்கிழம வா" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை அதிகாரி சுப்பிரமணியன் வந்தார். வேம்பு மறுபேச்சில்லாமல் சாவியை நீட்டினாள். லூதோவிக் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தான். பலகை இருந்த இடத்தில் ஆணித்துளைகள்தான் இருந்தன. பலகை, தெரு ஆட்டோக்காரர் கண்ணையனின் வண்டிமேல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"என்னம்மா இது? அரசாங்கச் சொத்த யாரக் கேட்டுக் கழட்டுனீங்க?" என்றார் சுப்பிரமணியன்.

"அரசாங்கச் சொத்துன்னுதான் சார் கழட்டுனேன். ஏலத்துல எடத்ததான உட்டீங்க? எங்க பேரயும் சேத்தா உட்டீங்க?"

அதிகாரி லூதோவிக்கைப் பார்த்தார். அவன் அதிகாரியைப் பார்த்தான்.

"இத எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்றார் அதிகாரி.

"அரசாங்கத்துக்கிட்டதான்" என்றபடி ஆட்டோவில் ஏறினாள்.

நிறுவனத்தின் தலைமை அலுவலக வாசலில் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு அதனடியில் உட்கார்ந்தாள். காவலாளி விரட்டிப் பார்த்தார், அசையவில்லை. சேதி தெரிந்து, பழைய கடையாட்கள் செந்தமிழ்ச்செல்வியும் தமிழ்மாறனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வேம்புவுக்கு அழுகை வரும்போல இருந்தது. அடக்கிக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள், பலகையைப் பார்த்து ஒரு பைக் வந்து நின்றது. விழுப்புரம் நம்பர். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தவர் பலகையை நிதானமாகப் படித்தார்.

"கடைய எப்பம்மா தொறப்பீங்க?"

வேம்பு முதுகுக்குப் பின்னாலிருந்த அலுவலகக் கதவைக் காட்டினாள். "விக்கிறவங்க நாங்க வந்துட்டோம், வாங்குறவரு நீங்களும் வந்துட்டீங்க. தொறக்க வேண்டியவங்க உள்ள குந்திட்டிருக்காங்க. போயி கேளுங்க."

அவர் உள்ளே போனார். வாசலில் இன்னொரு பைக் வந்து நின்றது.